மோட்டார்ஹோம் வாலில் இரண்டு சைக்கிள்... பின்பாரம் தாங்குமா?

பிரிட்டனில் குளிர் விட்டு ஈஸ்டர் விடுமுறை வந்துவிட்டால் போதும், நெடுஞ்சாலைகளில் மோட்டார்ஹோம்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே கட்டில், அடுப்பு, குளியலறை, கழிவறை என ஒரு சின்ன வீடே அடங்கிய வண்டி அது. அவற்றில் பலவற்றின் பின்புறத்தில் இரண்டு சைக்கிள்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றபடி ஊர்வலம் போகும்.

வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு சைக்கிள் எதற்கு? ஏழு மீட்டர் நீள வண்டியை, கார்ன்வால் பகுதியின் பாட்ஸ்டோ போன்ற துறைமுக ஊர்களின் குறுகிய தெருக்களில் நுழைப்பது பெரும்பாடு. அதனால் ஊருக்கு வெளியே உள்ள முகாம் மைதானத்தில் நிறுத்திவிடுவார்கள். மேஜை நாற்காலி போட்டு, பந்தல் விரித்து, மின்சார வயரையும் இணைத்த பிறகு, ஒரு பாக்கெட் பால் வாங்க வீட்டையே கிளப்ப முடியுமா? சைக்கிள் இருந்தால் பத்து நிமிட வேலை. அதோடு, பாட்ஸ்டோவுக்கு வேட்பிரிட்ஜிலிருந்து 'கேமல் டிரெயில்' என்ற சைக்கிள் பாதையே இருக்கிறது. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம் என்பதால் மூச்சு வாங்கும் ஏற்றம் கிடையாது.

சைக்கிளுக்கும் முகாம் வாழ்க்கைக்கும் அந்த நாட்டில் உறவு பழையது. 1901-ஆம் ஆண்டில் தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்ற தையல்காரர், சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுபவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். இன்றைய 'கேம்பிங் அண்ட் கேரவானிங் கிளப்'புக்கு அதுதான் வேர். அன்று சைக்கிள் வீட்டைச் சுமந்தது. இன்று வீடு சைக்கிளைச் சுமக்கிறது. மாறாத ஒன்று உண்டு, அது எடை பற்றிய கவலை.

பேட்டரி சைக்கிள் வந்தது, கணக்கு மாறியது

சாதாரண சைக்கிள் ஒன்று 12 முதல் 15 கிலோ இருக்கும். மோட்டார்ஹோமின் பின்சுவரில் ஒரு அலுமினிய ஸ்டாண்டைப் பொருத்தி இரண்டைத் தூக்கி மாட்டினால் 30 கிலோவுக்குள் முடிந்துவிடும். பல வருடங்கள் இப்படித்தான் ஓடியது.

பிறகு பேட்டரி சைக்கிள்கள் வந்தன. மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களில் பெரும்பகுதி பணி ஓய்வு பெற்ற தம்பதிகள். முழங்கால் வலியோடு மேட்டில் மிதிக்க முடியாமல் சைக்கிளை மூலையில் சாத்தியவர்களுக்கு இது வரமாக அமைந்தது. பிரிட்டனில் 250 வாட் மோட்டார், மணிக்கு 15.5 மைல் வரை மோட்டாரின் உதவி என்ற வரம்புக்குள் இருந்தால், லைசென்ஸ் கூடத் தேவையில்லை. கணவரும் மனைவியும் மறுபடி சேர்ந்து சைக்கிளில் போக ஆரம்பித்தார்கள்.

ஆனால், ஒரு பேட்டரி சைக்கிளின் எடை சுமார் 25 கிலோ. இரண்டு என்றால் 50 கிலோ. சுவரில் மாட்டும் ஸ்டாண்டுகள் பலவற்றின் உச்ச வரம்பே 50, 60 கிலோதான். அந்தச் சுவரும் செங்கல் சுவரல்ல. மெல்லிய அலுமினியம் அல்லது ஃபைபர் தகடு, நடுவில் தெர்மாகோல் போன்ற நுரை, உள்பக்கம் ஒரு மெல்லிய பலகை. அவ்வளவுதான். குண்டும் குழியுமான சாலையில் 50 கிலோ குலுங்கிக் குலுங்கி இழுத்தால் போல்ட் துளைகள் தளரும், அதன் வழியே மழைநீர் இறங்கும். மோட்டார்ஹோமுக்கு ஈரம் என்பது மரத்துக்குக் கரையான் மாதிரி. வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

இன்னொரு சங்கடம், தூக்குவது. 25 கிலோ சைக்கிளை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி மாட்டுவது அறுபத்தைந்து வயது இடுப்புக்கு ஆகிற வேலையா?

கைகொடுக்க வந்த டோ பார்

இந்த இடத்தில்தான் 'டோ பார்' ஆசை வருகிறது. டிரெய்லரை இழுப்பதற்காக வண்டியின் அடிச்சட்டத்தில், அதாவது சேஸில், போல்ட் போட்டு முடுக்கும் இரும்புச் சட்டம் அது. அதன் நுனியில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் இரும்பு உருண்டை இருக்கும். அந்த உருண்டையைக் கவ்விக்கொள்ளும் சைக்கிள் ஸ்டாண்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. தரையிலிருந்து முழங்கால் உயரம்தான். சரிவுப் பலகை வைத்தால் சைக்கிளைத் தூக்கவே வேண்டாம், உருட்டியே ஏற்றிவிடலாம். பின்சுவரில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை.

கேட்பதற்கு எல்லாம் நன்றாகவே இருக்கிறது. சுவருக்கு விழுந்த பாரம் இரும்புக்கு மாறிவிட்டது, இனிக் கவலையில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சுவரின் கவலை தீர்ந்தது உண்மை. பின் அச்சின் கவலை தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

வண்டிக்காரர் அறிந்த கணக்கு

மாட்டு வண்டி ஓட்டியவர்களிடம் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொற்கள் உண்டு. மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டின் குரல்வளையை இறுக்கும். மொத்தம் எத்தனை மூட்டை என்பது ஒரு கேள்வி, அவை எங்கே இருக்கின்றன என்பது வேறொரு கேள்வி.

மோட்டார்ஹோமுக்கும் இதே கணக்குதான். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டு நிற்கும் பகுதி இதில் அதிகம். பிரிட்டன் சட்டம், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தில் 60 சதவிகிதம் வரை பின்பகுதி நீளலாம் என்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர் என்றால், பின்னால் 2.4 மீட்டர் வரை போகலாம். சைக்கிள்கள் அதற்கும் பின்னால் நிற்கும்.

இப்படி ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விஷயம் விளங்கிவிடும்.

டோ பாரின் எடை 40 கிலோ. அது பின் அச்சிலிருந்து 2 மீட்டர் பின்னால் இருக்கிறது. ஸ்டாண்ட் 20 கிலோ, இரண்டு பேட்டரி சைக்கிள்கள் 50 கிலோ, ஆக 70 கிலோ. அவை சுமார் 3 மீட்டர் பின்னால் இருக்கின்றன. வண்டியில் கூடுதலாக ஏறியது மொத்தம் 110 கிலோ.

ஆனால், பின் அச்சில் கூடும் எடை 110 அல்ல. டோ பாரால் 60 கிலோ, சைக்கிள்களாலும் ஸ்டாண்டாலும் 122.5 கிலோ, ஆக 182.5 கிலோ! சீசா பலகையின் ஒரு நுனியில் உட்கார்ந்தால் மறுநுனி எழும்புவதுபோல, முன் அச்சிலிருந்து 72.5 கிலோ குறைந்துவிடும். 182.5-இல் 72.5 போனால் 110. கணக்கு நேராகிவிட்டது.

மொத்தம் சரி, அச்சு தப்பு

அந்த வண்டியின் மொத்த எடை வரம்பு 3,500 கிலோ, பின் அச்சின் வரம்பு 2,000 கிலோ என்று இருக்கட்டும். தண்ணீர், துணிமணி, பாத்திரம், கேஸ் சிலிண்டர், தம்பதி இருவர் எல்லாம் ஏறியபின் எடை 3,300 கிலோ. முன் அச்சில் 1,450, பின் அச்சில் 1,850. 'இன்னும் 200 கிலோ இடமிருக்கிறதே, 110 கிலோ தாராளமாகப் போகும்' என்றுதான் தோன்றும்.

டோ பாரும் சைக்கிளும் ஏறியபின் மொத்தம் 3,410 கிலோ. வரம்புக்குள்தான். பின் அச்சில்? 2,032.5 கிலோ. வரம்பைத் தாண்டிவிட்டது!

பின் டயர்களும் ஸ்பிரிங்குகளும் அளவுக்கு மீறிச் சுமக்கின்றன. கோடைகாலத்தில் கொதிக்கும் தார்ச்சாலையில், நெடுஞ்சாலை வேகத்தில், அதிகச் சுமை ஏறிய டயர் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு. முன்னால் பாரம் குறைந்ததும் நல்லதல்ல. பல மோட்டார்ஹோம்களுக்கு அடிப்படையான ஃபியட் டுகாட்டோ போன்ற வண்டிகளில், இன்ஜின் இழுப்பது முன்சக்கரங்களைத்தான். பிரேக்கின் பெரும்பங்கும் ஸ்டீயரிங்கும் அங்கேதான். முன்சக்கரத்தின் பிடி குறைந்தால் ஈரப் புல்தரையில் வண்டி நகராது. மழைச் சாலையில் திருப்பினால் சொன்னபடி கேட்காது.

சாலையில் அதிகாரிகள் நிறுத்தி எடை போட்டால், மொத்த எடைக்குத் தனியாகவும் ஒவ்வொரு அச்சுக்கும் தனியாகவும் பார்ப்பார்கள். விபத்து நடந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் முதல் கேள்வியும் அதுவாக இருக்கலாம்.

எடை மேடைக்கு ஒரு நடை

ஆகவே, டோ பார் கடைக்குப் போவதற்கு முன்பு போக வேண்டிய இடம் எடை மேடை. கல் குவாரிகளிலும் பழைய இரும்பு வாங்கும் இடங்களிலும் சில உள்ளாட்சி நிர்வாகங்களிடமும் பொதுமக்கள் பயன்படுத்தும் எடை மேடைகள் இருக்கின்றன. டோ பாருக்கு ஆகிற செலவோடு ஒப்பிட்டால் இதற்கான கட்டணம் மிகக் குறைவு.

வெறும் வண்டியை எடை போட்டுப் பயனில்லை. சுற்றுலா கிளம்பும் நாள்போல எல்லாவற்றையும் ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்து, டேங்கும் நிரப்பிப் போக வேண்டும். முதலில் முன்சக்கரங்கள் மட்டும், பிறகு முழு வண்டி, கடைசியாகப் பின்சக்கரங்கள் மட்டும் என மூன்று எடைகள்.

அவற்றை வண்டியில் பதித்திருக்கும் எடைத் தகட்டோடு ஒப்பிட வேண்டும். அதில் வழக்கமாக நான்கு எண்கள் இருக்கும். முதலாவது, வண்டியின் மொத்த வரம்பு. இரண்டாவது, டிரெய்லரையும் சேர்த்த வரம்பு. மூன்றாவது முன் அச்சு, நான்காவது பின் அச்சு. வேன் கம்பெனி ஒரு தகடும், அதை வீடாக மாற்றிய கம்பெனி இன்னொரு தகடும் வைத்திருந்தால், மாற்றிய கம்பெனியின் தகட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பின் அச்சில் இடமில்லை என்று தெரிந்தால் உடனே சோர்ந்துவிட வேண்டாம். மேலே சொன்ன வண்டியிலேயே, எடை போட்ட அன்று பாத்திரம் கழுவிய கழிவுநீர் 50 லிட்டர், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் உள்ள தொட்டியில் இருந்திருந்தால், அதைக் காலி செய்தாலே பின் அச்சில் 62.5 கிலோ குறையும். 2,032.5 என்பது 1,970 ஆகிவிடும். சைக்கிள்களின் பேட்டரிகளைக் கழற்றி வண்டிக்குள் நடுப்பகுதியில் வைக்கலாம். ஒவ்வொன்றும் சுமார் 3 கிலோ. பின் டிக்கியில் இருக்கும் கருவிப் பெட்டி, டப்பா உணவு, பந்தல் சாமான்களை அச்சுகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு மாற்றலாம்.

எடை வரம்பையே காகிதத்தில் உயர்த்திக்கொள்ளும் வழியும் உண்டு. அதற்கு வண்டியின் பாகங்கள் அந்த எடையைத் தாங்க வேண்டும். வெறுமனே காற்று ஸ்பிரிங் மாட்டினால் வண்டியின் வால் தொங்குவது நிற்கும், தகட்டில் உள்ள வரம்பு தானாக உயராது. மொத்த வரம்பு 3,500 கிலோவைத் தாண்டினால் லைசென்ஸ் பிரச்னையும் சேரும். பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்கு முன்பு கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 7.5 டன் வரை ஓட்டும் சி1 பிரிவும் சேர்ந்தே கிடைத்தது. அதற்குப் பின் எடுத்தவர்களுக்கு 3,500 கிலோதான், மேலே போக வேண்டுமானால் தனித் தேர்வு எழுத வேண்டும். பழைய லைசென்ஸ்காரர்களும் 70 வயதில் சி1 பிரிவைத் தக்கவைக்க மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். இன்று 68 வயதில் வரம்பை உயர்த்துபவர், இரண்டு வருடம் கழித்து என்ன செய்வது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

எதில் மாட்டுகிறார்கள்?

எடைக் கணக்கில் தேறிவிட்டால், அடுத்த கேள்வி: டோ பாரை எதில் முடுக்குவது?

காரில் இது சுலபம். அந்த மாடலுக்கென்றே அளவெடுத்த டோ பார் கிடைக்கும். மோட்டார்ஹோமில் அப்படியல்ல. வேனின் மூலச் சேஸ் பாதியில் முடிந்திருக்கும். வீடு கட்டிய கம்பெனி அதன் முனையில் மெலிதான நீட்டிப்புச் சட்டங்களை இணைத்திருக்கும். அவை பின்பகுதித் தரையைத் தாங்கினால் போதும் என்று செய்யப்பட்டவையாக இருக்கலாம். அவற்றில் டோ பாரை முடுக்கினால், பலமான இரும்பைப் பலவீனமான இரும்பில் தொங்கவிட்டதாக ஆகும். மூலச் சேஸ் வரை நீண்டு பிடிக்கும் டோ பார்தான் வேண்டும். 'ஆல்கோ' சேஸ் உள்ள வண்டிகளுக்கு, அதற்கென்றே தனியாகச் செய்த டோ பார்கள் இருக்கின்றன.

கழிவுநீர்த் தொட்டி, ஸ்டெப்னி டயர், பின் காலூன்றிகள் என வண்டிக்கு அடியில் ஏற்கெனவே நெரிசல். டோ பாருக்காக இவற்றில் எதை நகர்த்தப் போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்டாண்டை மாட்டியபின் பின் டிக்கியின் கதவு திறக்குமா என்பதும் முக்கியம்.

டோ பாரிலும் ஒரு தகடு இருக்கும். உருண்டையின் மேல் செங்குத்தாக எத்தனை கிலோ அமரலாம் என்பதை அது சொல்லும். டிரெய்லரின் பாரம் நேராக உருண்டையில் அமர்கிறது. சைக்கிள்களோ உருண்டைக்கும் பின்னால் நின்றுகொண்டு அதை முறுக்குகின்றன. ஆகவே, சைக்கிள் ஸ்டாண்டுக்கு எவ்வளவு என்று டோ பார் கம்பெனி தனியாகச் சொல்லியிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். டோ பார், ஸ்டாண்ட், பின் அச்சு மூன்றுக்கும் மூன்று வரம்புகள். இவற்றில் எது முதலில் நிரம்புகிறதோ, அதுதான் அந்த வண்டியின் வரம்பு.

இது வீட்டு வாசலில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு செய்கிற வேலையல்ல. தேசிய டிரெய்லர் மற்றும் டோயிங் சங்கம் அங்கீகரித்த ஃபிட்டர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். எடைச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டலாம். அதைப் பார்க்காமலே 'மாட்டிவிடலாம்' என்று சொல்கிறவரிடம் வண்டியை விடாமல் இருப்பதே நல்லது. வேலை முடிந்ததும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

விளக்கும் நம்பர் பிளேட்டும்

சைக்கிள்கள் பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைத்தால் சட்டப்படி குற்றம். பின்னால் வருபவருக்கு பிரேக் விளக்கு தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால், டோ பார் ஸ்டாண்டுகளில் தனி விளக்குகளும், நம்பர் பிளேட் மாட்ட இடமும் இருக்கும். அவை எரிய வண்டியில் ஒரு சாக்கெட் வேண்டும். பழையவற்றில் 7 பின், புதியவற்றில் 13 பின். இக்கால வண்டிகளின் வயரிங் கம்ப்யூட்டரோடு பின்னியிருப்பதால், பின்விளக்கு வயரை வெட்டி ஒட்டுப்போடும் பழைய வைத்தியம் இங்கே உதவாது. அதற்கான கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சேர்த்தே பொருத்த வேண்டும்.

கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வண்டிக்குப் பின்னால் சுமை நீட்டிக்கொண்டிருந்தால், 50-க்கு 50 சென்டிமீட்டர் அளவில் சிவப்பு, வெள்ளைப் பட்டை போட்ட பலகையைத் தொங்கவிட வேண்டும். இத்தாலிக்கு அது அலுமினியத்தில் இருக்க வேண்டும். படகில் ஏற டிக்கெட் போடும்போது, சைக்கிள்களையும் சேர்த்த நீளத்தைத்தான் சொல்ல வேண்டும். படகில் இடம் நீளக் கணக்கில்தான் தருகிறார்கள்.

எல்லோருக்கும் டோ பார்தான் வழியா?

இல்லை. மடக்கு சைக்கிள் இரண்டை உள்ளேயே வைத்துக்கொள்பவர்கள் உண்டு. படுக்கைக்கு அடியில் பெரிய 'கேரேஜ்' உள்ள மோட்டார்ஹோமில் சைக்கிளை உள்ளே நிறுத்திவிடலாம். மழையும் படாது, திருட்டுப் பயமும் குறைவு. ஆனால் அந்த கேரேஜும் பின் அச்சுக்குப் பின்னால்தான் என்பதால் எடைக் கணக்கு அங்கேயும் உண்டு. வருடத்துக்கு ஒரு முறைதான் சைக்கிள் ஓட்டுவார்கள் என்றால், போகிற ஊரில் வாடகைக்கு எடுப்பது மலிவு. கேமல் டிரெயில் போன்ற பாதைகளின் தொடக்கத்திலேயே வாடகைக் கடைகள் இருக்கின்றன.

தினமும் ஓட்டுகிறவர்களுக்கு, சொந்த சைக்கிளின் சீட்டும் ஹேண்டில் உயரமும் உடம்புக்குப் பழகியவர்களுக்கு, டோ பார் நல்ல துணைதான்.

அப்படிப் பொருத்தியபின், முதல் பயணத்தில் சில பழக்கங்கள் வேண்டும். வண்டி இடப்பக்கம் திரும்பும்போது நீண்ட வால் வலப்பக்கம் வீசும். சைக்கிள்கள் அந்த வாலை இன்னும் நீட்டியிருக்கின்றன என்பதை மனதில் வைத்துத் திருப்ப வேண்டும். ரிவர்ஸ் கேமராவை சைக்கிள் மறைத்திருந்தால், பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று கைகாட்ட வேண்டும். கிளம்பிப் பத்து மைல் போனதும் ஓரமாக நிறுத்தி, சைக்கிள்களை ஒரு தடவை கையால் ஆட்டிப் பார்த்து, பட்டைகளை இறுக்கிவிட வேண்டும். சில நூறு மைல் ஓடியபின் டோ பாரின் போல்ட்டுகளை ஃபிட்டரிடம் காட்டி மறுபடி முடுக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருடம் புதிதாக ஒரு பந்தலோ இன்னொரு பேட்டரியோ வாங்கி ஏற்றினால், அன்றைக்கும் எடை மேடைக்கு ஒரு நடை போய்விட்டு வர வேண்டும். போன வருடச் சீட்டு போன வருடச் சாமான்களுக்குத்தான் செல்லும்.